ஓசையிலாக் கைத்துப்பாக்கி

தமிழ்ப் புறத்திணை நூல்கள் காட்டும் போர் முரசொலியோடு தொடங்குவது. படையெடுப்போன் தன் வரவை முரசறைந்து தெரிவிப்பான். எதிர்ப்போனும் முரசறைந்தே விடை கூறுவான். யார் வருகின்றார், யாரோடு பொருகின்றார் என்பதில் மறைவு எதுவும் இல்லை. வெடிமருந்து வந்த பின்னர் முரசின் இடத்தைப் பீரங்கியும் துப்பாக்கியும் பிடித்துக்கொண்டன. ஆயினும் ஓசை குறையவில்லை, மிகுந்தது. துப்பாக்கியின் வெடியோசையும் ஒருவகை அறிவிப்பே. எவனோ ஒருவன் சுட்டான், இந்தத் திசையிலிருந்து சுட்டான் என்று அது சுற்றியிருப்போர்க்கெல்லாம் உரைத்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் மனிதன் அந்த அறிவிப்பையும் துப்பாக்கியிடமிருந்து பறித்துவிட முயன்றான். அம்முயற்சியின் விளைவுகளுள் பெயர் பெற்ற ஒன்று, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் செய்யப்பட்ட 'ஹை ஸ்டாண்டர்டு எச்.டி.எம்.' என்னும் கைத்துப்பாக்கி. அதன் வரலாற்றில் இரண்டு அறைகள் முதன்மையானவை. ஒன்று, வாஷிங்டனில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அலுவல் அறை. அங்கே அது ஓசையின்றிச் சுட்டதற்காகப் புகழப்பட்டதாகக் கூறுவர். மற்றொன்று, மாஸ்கோவில் நீதிமன்றம் கூடிய மண்டபம். அங்கே அது ஒரு முறையும் சுடாமலே ஓர் அரசின் இரகசியத்துக்குச் சான்று பகர்ந்தது. முதல் அறையிலிருந்து இரண்டாம் அறைக்கு அது சென்ற கதை, கருவி ஒன்றின் கதை மட்டுமன்று. மறைத்துச் செய்யும் செயலுக்கும் செய்தவர் பொறுப்புக்கும் உள்ள உறவின் கதையும் ஆகும்.

ஓசை பிறக்கும் வழி

துப்பாக்கி சுடும்போது கேட்கும் ஓசை ஒன்றெனத் தோன்றினும், உண்மையில் அது மூன்று ஓசைகளின் தொகுதி.

முதலாவது, வெடிவாயுவின் ஓசை. தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து சூடான வாயுவாகிக் குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. குண்டு குழல் வாயைக் கடந்ததும், அதன் பின்னே அடைபட்டிருந்த வாயு பேரழுத்தத்தோடு வெளிக்காற்றில் பாய்கிறது. சோடாப் புட்டியைத் திறக்கும்போது எழும் ஓசையும் இவ்வகையினதே, அளவுதான் வேறு.

இரண்டாவது, குண்டின் ஓசை. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்லும். அதனினும் விரைந்து செல்லும் குண்டு, தான் போகும் வழியெங்கும் காற்றைக் கிழித்து ஒரு வெடிப்போசையை எழுப்பும். சாட்டையைச் சொடுக்கும்போது கேட்கும் ஓசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தைக் கடப்பதாலேயே அவ்வோசை பிறக்கிறது.

மூன்றாவது, பொறியின் ஓசை. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகளில், மேலுள்ள இரும்புப் பகுதி பின்னோக்கிச் சென்று மீண்டும் முன்வந்து மோதும். அம்மோதல் ஒரு கலகலப்பை உண்டாக்கும்.

ஆகவே, ஓசையிலாத் துப்பாக்கியைச் செய்ய விரும்புவோன் மூன்று பகைவரை வெல்ல வேண்டும். வாயுவை மெல்ல வெளிவிட வேண்டும். குண்டின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். பொறியின் மோதலையும் குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வென்று மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் பயன் சிறிது. இம்மூன்றையும் முற்றிலும் வென்ற துப்பாக்கி அரிது. 'ஓசையில்லாதது' என்று மக்கள் சொல்வதெல்லாம் 'ஓசை குறைந்தது' என்றே கொள்ளத்தக்கது.

தந்தையும் மகனும்

இத்துறையில் முதல் வெற்றி கண்டவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். இவருடைய தந்தை ஹைரம் மாக்சிம், 1880களில் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். ஒருமுறை விசையை அழுத்திப் பிடித்தால் இடைவிடாது குண்டு பொழியும் அந்தக் கருவி, ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவில் நடத்திய போர்களிலும் முதல் உலகப் போரிலும் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. அதை உருவாக்கியவர் தம் துப்பாக்கிகளின் முழக்கத்தாலேயே தம் செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். உலகின் பேரோசைப் படைக்கலத்தைத் தந்தை படைக்க, மகன் ஓசையை அடக்கும் கருவியைப் படைத்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மகன் மாக்சிமின் ஒலியடக்கிக்கு 1909-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தும் உருளை அது. உள்ளே வரிசையாக அமைந்த தடுப்புகள் வாயுவைச் சுழற்றிச் சுழற்றி, அதன் வேகம் தணிந்த பின்னரே வெளியே விடும். குளிக்கும் தொட்டியிலிருந்து நீர் சுழன்று வடிவதைக் கண்டபோது இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றிற்று என்று கூறுவர்.

மாக்சிம் கொலைக்கருவி செய்வதாக எண்ணவில்லை. குறி பார்த்துச் சுட்டுப் பழகுவோர் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராதிருக்கவே அவர் இதை விற்றார். இதே அறிவைக் கொண்டு பின்னாளில் அவருடைய நிறுவனம் எந்திரங்களின் புகைபோக்கி ஓசையை அடக்கும் கருவிகளையும் செய்தது. தெருவில் ஓடும் மோட்டார் வண்டியின் ஓசையடக்கியும் துப்பாக்கியின் ஒலியடக்கியும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை.

ஆயினும், ஒரு கருவியின் பயனைச் செய்தவன் எண்ணம் மட்டும் முடிவு செய்வதில்லை. அமெரிக்க நகரங்களில் குற்றக் கும்பல்களின் கொட்டம் மிகுந்திருந்த காலத்துக்குப் பின், 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேராயம் இயற்றிய துப்பாக்கிச் சட்டம், ஒலியடக்கி ஒவ்வொன்றின் மேலும் 200 டாலர் வரி விதித்தது. அந்நாளில் அஃது ஒலியடக்கியின் விலையைப்போல் பல மடங்கு. குடிமக்கள் கையில் இக்கருவி இருத்தலாகாது என்பதே வரியின் உட்கிடை. அதே அரசு பத்தாண்டுகள் செல்லுமுன்னர் அதே கருவியைத் தன் செலவிலேயே செய்விக்க முற்பட்டது.

போர் பிறப்பித்த தேவை

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஓ.எஸ்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்பெற்ற போர்த்தந்திரச் சேவை அலுவலகத்தை நிறுவினார். பகைவர் நாட்டில் வேவு பார்த்தல், பாலங்களையும் தொழிற்சாலைகளையும் தகர்த்தல், அங்குள்ள எதிர்ப்பு இயக்கங்களுக்கு உதவுதல் ஆகியவை அதன் பணிகள். முதல் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்றவரும் வழக்கறிஞருமான வில்லியம் டானவன் அதன் தலைவரானார்.

அவ்வமைப்பின் ஆராய்ச்சிப் பகுதியை நடத்தும் பொறுப்பு ஸ்டான்லி லவல் என்னும் வேதியியலாரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழில் துறையில் அமைதியாகப் பணியாற்றி வந்த லவல், இப்போது மறைவில் அழிக்கும் கருவிகளைச் சிந்திக்கும் நிலைக்கு ஆளானார். அவர் பொறுப்பில் உருவான பொருள்களுள் ஒன்றே இக்கைத்துப்பாக்கி.

படைகளில் அன்று வழங்கிய பெரிய கைத்துப்பாக்கிகளை விட்டுவிட்டு, 0.22 அங்குலக் குண்டைச் சுடும் சிறு துப்பாக்கி ஒன்றை அவர்கள் தேர்ந்தனர். பறவை, முயல் போன்ற சிற்றுயிர்களை வேட்டையாடவும், அட்டையில் குறி பார்த்துப் பழகவுமே பயன்பட்ட குண்டு அது. அதில் மருந்து குறைவு. ஆகையால் வாயு குறைவு. குறுகிய கைத்துப்பாக்கிக் குழலிலிருந்து சுடும்போது அதன் வேகமும் பெரும்பாலும் ஒலியின் வேகத்துக்குள் அடங்கும். மூன்று பகைவருள் இருவர் தொடக்கத்திலேயே வலுவிழந்துவிட்டனர். வலிமையைக் கொடுத்து அமைதியை வாங்கிய பேரம் எனலாம். இவ்வளவு சிறிய குண்டால் தொலைவில் நிற்பவனை வீழ்த்துதல் அரிது. மிக அருகில் சென்றுதான் சுட வேண்டும். அருகில் செல்ல வேண்டுமெனில் ஐயம் எழாதவாறு செல்ல வேண்டும். இவ்வாறு, குண்டின் அளவே அதைப் பயன்படுத்தும் முறையையும் முடிவு செய்துவிட்டது.

துப்பாக்கியைச் செய்தது கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹை ஸ்டாண்டர்டு நிறுவனம். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் சுவெபிலியசு 1926-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிற்சாலை இது. முதலில் துப்பாக்கிக் குழல்களைத் துளைக்கும் நீண்ட துளைக்கருவிகளைச் செய்து பிற தொழிற்சாலைகளுக்கு விற்றது. 1932-ஆம் ஆண்டில் நலிந்து போன வேறொரு துப்பாக்கி நிறுவனத்தை வாங்கிச் சிறு கைத்துப்பாக்கிகளைச் செய்யலாயிற்று. போர்க்காலத்தில் புதிய படைவீரர்கள் குறிபார்க்கப் பழகுவதற்கென அமெரிக்கப் படைத்துறை இந்நிறுவனத்தின் எச்.டி. வகைத் துப்பாக்கியை வாங்கியது. பயிற்சிக் கூடத்துக்கென்று பிறந்த அந்தத் துப்பாக்கியே மறைமுகப் போரின் கருவியாக மாற்றப்பட்டது.

ஒலியடக்கியை வகுக்கும் வேலை பெல் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தாருக்குச் சென்றது. மனிதர் குரலைக் கடல் கடந்தும் தெளிவாகக் கேட்கச் செய்யும் வழிகளை ஆராய்ந்து வந்த அறிஞர்களின் கூடம் அது. ஒலியைப் பெருக்கக் கற்றவருக்கே அதை ஒடுக்கவும் தெரியும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

அமைப்பு

வெளித்தோற்றத்தில் இத்துப்பாக்கி, முன்புறம் தடித்த நீண்ட குழாயொன்றைத் தாங்கிய சாதாரணக் கைத்துப்பாக்கியே. மொத்த நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஆயின் அக்குழாயினுள்ளேதான் நுட்பம் இருக்கிறது.

உண்மையான துப்பாக்கிக் குழல் அக்குழாய்க்குள் அடங்கியுள்ளது. அதன் சுவரில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் இடப்பட்டுள்ளன. குண்டு உள்ளே ஓடும்போதே வாயுவின் ஒரு பகுதி அத்துளைகள் வழியே பக்கவாட்டில் கசிந்துவிடும். குழலைச் சுற்றி உலோகக் கம்பி வலை சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். சூடான வாயு அவ்வலையின் எண்ணற்ற இழைகளிடையே புகுந்து, தன் வெப்பத்தை உலோகத்துக்குக் கொடுத்துக் குளிர்ந்து சுருங்கும். குழல் முனைக்கு முன்னால் அதே வலையை வட்ட வட்டமாக வெட்டி அடுக்கிய அடுக்கு ஒன்று உண்டு. நடுவே குண்டு செல்லும் வழி. எஞ்சிய வாயுவை அவ்வட்டங்கள் தடுத்து ஆற்றி வெளிவிடும்.

இதனால் வெடியோசை 20 டெசிபலுக்கு மேல் குறைந்தது. செவி உணரும் காற்றழுத்த அலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது என்பது இதன் பொருள். எஞ்சி நின்றது மூன்றாம் பகைவனாகிய பொறியின் கலகலப்பே. சில நூறு முறை சுட்டபின் வலைகள் கரிபிடித்துத் தேயும். அவற்றை மாற்ற வேண்டும். பிடியினுள் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். போர் முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இவ்வகையில் செய்யப்பட்டன.

வெள்ளை மாளிகையில் ஒரு காட்சி

லவல் தம் போர்க்கால நினைவுகளை 1963-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதில் அவர் சொல்லும் கதை இது. டானவன் ஒருநாள் மணல் பையொன்றையும் இத்துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குச் சென்றார். ரூஸ்வெல்ட் தம் செயலாளரிடம் கடிதம் சொல்லி எழுதுவித்துக் கொண்டிருந்தார். டானவன் அறையின் மூலையில் மணல் பையை வைத்து, பத்துத் தோட்டாக்களையும் அதில் சுட்டுத் தீர்த்தார். தலைவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னர், சூடு தணியாத துப்பாக்கியைக் கைக்குட்டையில் சுற்றித் தலைவரிடம் நீட்டி, நடந்ததைக் கூறினார். ரூஸ்வெல்ட் வியந்து பாராட்டினார்.

இக்கதை பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. எனினும் இது கருவியைச் செய்வித்தவரே அதன் பெருமைக்குச் சொன்ன கதை என்பதை மறத்தலாகாது. ஓர் அறையினுள் பத்து முறை சுட்டபோது பொறியின் மோதலோசைகூட ஒருவர் செவியிலும் விழவில்லை என்பதை அறிவியல் எளிதில் ஏற்காது. கதை முழுதும் உண்மையோ, சிறிது கூட்டிச் சொன்னதோ, ஒன்று தெளிவு. ஒரு நாட்டின் முதன்மையான மனிதர் அமர்ந்திருக்கும் அறைக்குள் ஒருவர் துப்பாக்கியோடு நுழைந்து, எவரும் அறியாமல் பத்து முறை சுட முடியும் என்பதே அக்கதை புகட்டும் செய்தி. அன்று அது நகைச்சுவையாகத் தோன்றிற்று. குண்டுகள் மணல் பையில் பாய்ந்ததால்தான் அது நகைச்சுவை ஆயிற்று.

ஆங்கிலேயர் வழி

இதே காலத்தில் ஆங்கிலேயர் வேறொரு வழியை மேற்கொண்டனர். எஸ்.ஓ.இ. எனப்பட்ட அவர்களுடைய மறைமுகப் போர் அமைப்பின் ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்று, லண்டனுக்கு வடக்கே வெல்வின் என்னும் ஊருக்கு அருகில் இருந்தது. அங்குச் செய்த பொருள்கள் பலவற்றுக்கு ஊர்ப்பெயரின் முற்பகுதியையே முன்னொட்டாக வைத்தனர். 'வெல்ராடு' என்னும் ஓசையிலாக் கைத்துப்பாக்கி அவற்றுள் ஒன்று.

வெல்ராடின் தத்துவம் கடுமையானது. மூன்றாம் பகைவனாகிய பொறியோசையை ஒழிக்க அவர்கள் பொறியையே ஒழித்துவிட்டனர். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் பின்புறக் குமிழைக் கையால் திருகி இழுத்துத் தள்ளினாலன்றி அடுத்த தோட்டா ஏறாது. உள்ளே வாயுவை மறிக்க இரப்பர் வட்டுகள் இருந்தன. குண்டு அவற்றைத் துளைத்துச் செல்லும். பதினைந்து, இருபது முறை சுடுவதற்குள் அவை பயனற்றுப் போகும். பிடியைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போன்ற ஓர் இரும்புக் குழாய்தான். செய்த நிறுவனத்தின் பெயர் அதில் எங்கும் பொறிக்கப்படவில்லை. பகைவர் கையில் சிக்கினாலும் அது யாரையும் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பதே கருத்து.

எஸ்.ஓ.இ.யின் பெயர் மலாயா மக்களுக்குப் புதியதன்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் 1943-ஆம் ஆண்டு முதல் நீர்மூழ்கிக் கப்பல் மூலம் பேராக் கரையில் இறங்கிப் பணியாற்றிய வீரர்களும், அவர்களோடு சேர்ந்து உழைத்துச் சிறையில் உயிர்நீத்த லிம் போ செங்கும் சார்ந்திருந்த 136-ஆம் படை, அவ்வமைப்பின் கீழ்த்திசைக் கிளையே.

சட்டம் கண்ட குண்டும் காணாத ஓசையும்

போரிலும் சில செயல்கள் தகாதவை என்று வரையறுக்க நாடுகள் முயன்றதுண்டு. 1899-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலினுள் புகுந்ததும் விரிந்து சிதையும் குண்டுகளை விலக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை செய்தது. அத்தகைய குண்டுகளுக்கு 'டம்டம் குண்டு' என்னும் பெயர் வந்தது, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் அவை செய்யப்பட்டமையால் ஆகும்.

வேட்டைக்குரிய 0.22 அங்குலக் குண்டு மேலுறை அற்ற மென்மையான ஈயம். அதைப் போரில் பயன்படுத்தினால் அவ்வறிக்கைக்கு முரணாகலாம் என்று அஞ்சி, எச்.டி.எம். துப்பாக்கிக்கென மேலுறை இட்ட குண்டுகளும் செய்யப்பட்டன. இங்கே சிந்திக்கத்தக்க ஒரு முரண்பாடு உண்டு. குண்டு எத்தகையது என்று கேட்ட சட்டம், அது எவ்வாறு வருகிறது என்று கேட்கவில்லை. பின்னால் நின்று, ஓசையின்றி, பெயர் தெரியாமல் சுடுவது எந்த விதிக்கும் முரணாகத் தோன்றவில்லை. குண்டின் மேல் செம்பு உறை இல்லாமையே குறையாகப்பட்டது. எழுத்திலுள்ள சட்டத்தை நிறைவு செய்துவிட்டால் அறமும் நிறைவுற்றது என்று எண்ணும் மனப்போக்கு அரசுகளுக்குப் புதியதன்று.

போர் ஓய்ந்தது. 1945-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஓ.எஸ்.எஸ். கலைக்கப்பட்டது. இரண்டாண்டுகளில் சி.ஐ.ஏ. என்னும் உளவு நிறுவனம் தோன்றியது. அமைப்பின் பெயர் மாறியது, துப்பாக்கி மாறவில்லை. பழைய பொருள்களோடு அதுவும் புதிய நிறுவனத்தின் கைக்கு வந்தது.

வானிலிருந்து விழுந்த சான்று

1960-ஆம் ஆண்டு மே முதல் நாள். பாகிஸ்தானின் பெஷாவர் நகரிலிருந்து யூ-2 என்னும் அமெரிக்க வேவு விமானம் ஒன்று புறப்பட்டது. ஏறத்தாழ 70,000 அடி உயரத்தில் சோவியத் நாட்டைத் தெற்கு வடக்காகக் கடந்து நார்வேயில் இறங்குவது திட்டம். விமானி பிரான்சிஸ் கேரி பவர்ஸ். சுவெர்டுலோவ்ஸ்க் நகருக்கு அருகே சோவியத் ஏவுகணை ஒன்று விமானத்தை வீழ்த்தியது. பவர்ஸ் பாரசூட்டின் உதவியால் உயிரோடு தரையிறங்கிப் பிடிபட்டார்.

விமானம் வீழ்த்தப்பட்டதை மட்டும் சோவியத் தலைவர் குருஷேவ் மே 5-ஆம் நாள் அறிவித்தார். விமானி பிழைத்திருப்பதைச் சொல்லவில்லை. அவர் இறந்திருப்பார் என்று நம்பிய அமெரிக்க அரசு, வானிலை ஆராயச் சென்ற விமானம் வழி தவறிவிட்டது என்று கூறியது. இரண்டு நாள் கழித்துக் குருஷேவ் தம் கையிலிருந்ததை வெளியிட்டார். விமானி உயிரோடு இருக்கிறார்; உண்மையை ஒப்புக்கொண்டார்; அவரிடமிருந்த பொருள்களும் தம்மிடம் உள்ளன என்றார்.

அப்பொருள்களின் பட்டியல் வியப்புக்குரியது. 7,500 ரூபிள் சோவியத் பணம், பொன் காசுகள், மோதிரங்கள், கைக்கடிகாரங்கள், நஞ்சு தோய்ந்த ஊசி. இவற்றோடு ஓசையிலாக் கைத்துப்பாக்கி ஒன்று. அதுதான் எச்.டி.எம். வானிலை ஆராய வந்தவனுக்கு ஓசையில்லாத் துப்பாக்கி எதற்கு என்று குருஷேவ் எள்ளி நகையாடினார். கேள்வி எளிதானது, விடை சொல்வோர் இல்லை. படம் பிடிக்கும் கருவிக்கு ஏதேனும் அறிவியல் காரணம் கூறலாம். பணத்துக்கும் காரணம் கூறலாம். ஓசையடக்கிய துப்பாக்கி வானிலை ஆராய்ச்சிக் கருவி என்று உலகில் எவரும் நம்பமாட்டார். வீழ்ந்த விமானத்தின் சிதைவுகள் மாஸ்கோவின் கோர்க்கி பூங்காவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மே 11-ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் ஐசனோவர் வேவுப் பணிக்குத் தாமே பொறுப்பு என வெளிப்படையாகக் கூற நேர்ந்தது. அம்மாத நடுவில் பாரிசில் கூடிய நான்கு வல்லரசுகளின் மாநாடும் இதனால் முறிந்தது.

நீதிமன்றத்தில்

ஆகஸ்டு 17-ஆம் நாள் மாஸ்கோவில், தூண் மண்டபம் எனப்படும் பெருங்கூடத்தில் வழக்கு தொடங்கியது. அன்று பவர்சுக்கு 31-ஆம் பிறந்தநாள். வழக்கை நடத்தியவர், நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்களை விசாரித்தபோது சோவியத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்த ரூடென்கோ.

துப்பாக்கியைப் பற்றி வினவியபோது, அது வேட்டைக்கெனத் தரப்பட்டது என்றார் பவர்ஸ். கேட்டவர்கள் நம்பவில்லை. ஆயினும் அவருடைய விடையில் நியாயம் இல்லாமல் இல்லை. அடர்ந்த காட்டிலோ மலையிலோ வீழ்ந்த விமானி, தேடி வருவோர் செவியில் படாமல் முயலையோ பறவையையோ சுட்டு உண்டு உயிர் பிழைக்க இத்தகைய துப்பாக்கி உதவும். 0.22 அங்குலக் குண்டு அதற்குப் போதும். அவர் அதைக் கொண்டு எவரையும் சுடவில்லை. பிடிபட்டபோது எதிர்த்துப் போரிடவும் இல்லை.

அப்படியிருந்தும் அவ்விடை ஏன் எடுபடவில்லை? அவர் சொன்னது அவருடைய நோக்கம். துப்பாக்கி சொன்னதோ தன் பிறப்பு. வேட்டைக்காரன் தன் ஓசைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தற்காத்துக் கொள்வோனுக்கும் ஓசை துணையே தவிரப் பகையன்று; ஓசை கேட்டால் உதவிக்கு ஆள் வரும். தான் அங்கே இருப்பதைப் பிறர் அறியலாகாது என்று எண்ணுவோனுக்கே ஓசை பகை. ஆகவே ஓசையை அடக்கிய அந்த வலைச் சுருளே, அதை வைத்திருந்தவர் மறைந்து வந்தவர் என்பதற்குச் சாட்சியாக நின்றது. அவர் வாய் என்ன சொன்னாலும் அச்சாட்சியை மறுக்க இயலவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வேறு யாரோ, வேறு எப்போரின் பொருட்டோ செய்த முடிவுக்கு இளைஞர் ஒருவர் கூண்டில் நின்று விடை சொல்ல வேண்டியதாயிற்று.

பவர்சுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், பெர்லினை அடுத்த கிளீனிக்கப் பாலத்தில், அமெரிக்கச் சிறையிலிருந்த சோவியத் ஒற்றர் ருடால்ஃப் ஆபெலுக்கு மாற்றாக அவர் விடுவிக்கப்பட்டார்.

குறை கூறியவரும் செய்தவரே

மாஸ்கோவில் இத்துப்பாக்கியைக் காட்டி அமெரிக்காவைக் குறை கூறியவர்களிடமும் இவ்வகைக் கருவிகள் இருந்தன என்பதைக் கூறாவிட்டால் வரலாறு நடுநிலை தவறியதாகும். இரண்டாம் உலகப் போரின்போதே சோவியத் படையினர் 'பிராமிட்' என்னும் ஒலியடக்கியை நாகான் சுழல்துப்பாக்கியிலும் நீள் துப்பாக்கியிலும் பொருத்திப் பயன்படுத்தினர். வழக்கு முடிந்த ஏழாம் ஆண்டில், அதாவது 1967-இல், 'பி.பி.' என்னும் புதிய ஓசையிலாக் கைத்துப்பாக்கியைச் சோவியத் நாடு தன் சிறப்புப் படைகளுக்கென ஏற்றுக்கொண்டது. எச்.டி.எம். போலவே அதிலும் துளையிட்ட குழல் ஓர் உறைக்குள் அடங்கியிருந்தது.

அமெரிக்கரும் விட்டாரில்லை. வியட்நாம் போரில் அவர்களுடைய கடற்படையின் சிறப்புப் பிரிவினர் ஒன்பது மில்லிமீட்டர் குண்டைச் சுடும் புதிய ஓசையிலாத் துப்பாக்கியைக் கொண்டு சென்றனர். காவல் நாய்களைக் குரைக்கவிடாமல் கொல்வது அதன் வேலைகளுள் ஒன்று என்பதால் நாய்க்குட்டிப் பெயரொன்றையே அதற்குச் செல்லப் பெயராக இட்டனர். சுட்டபின் மேற்பகுதி நகராதவாறு பூட்டிவிடும் அமைப்பு அதில் இருந்தது. வெல்ராடைச் செய்தவர்கள் பொறியோசையை வென்ற வழி இங்கே மீண்டும் தலைகாட்டிற்று.

அடங்காத ஓசை

ஓசையிலாத் துப்பாக்கியைச் செய்தவர்கள் பெரும் அறிவுடையோர். வாயுவின் வேகத்தையும், ஒலியின் வேகத்தையும், இரும்பின் மோதலையும் அவர்கள் கணித்தனர். மூன்று ஓசைகளையும் ஒவ்வொன்றாக அடக்கினர். ஆனால் நான்காவது ஓசை ஒன்று உண்டு என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 'இதை ஏன் செய்தீர்?' என்று பின்னால் எழும் கேள்வியே அது. பறையறைந்து போர் தொடுத்தவன் அக்கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவன் முன்னரே விடை சொல்லிவிட்டான். ஓசையை மறைத்தவனோ, அகப்பட்ட அன்று, செய்ததற்கு மட்டுமன்றி மறைத்ததற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிறான்.

வெள்ளை மாளிகையில் பத்து முறை சுட்டும் கேளாத ஓசை, மாஸ்கோ மண்டபத்தில் ஒருமுறையும் சுடாமலே உலகமெங்கும் கேட்டது. கம்பி வலையால் அந்த ஓசையை அடக்க முடியவில்லை.